தொண்டைச் செல்லுக்குச் சாகாவரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடலூர் முதுநகர்க்காரி. புதுச்சேரியில் ஒரு ஆய்வுக்கூடத்தின் செல் வளர்ப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனிதக் குரல்நாணிலிருந்து எடுத்து, சாகாமல் பெருகும்படி மாற்றப்பட்ட செல்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பக்கத்து சீட்டுக்காரரிலிருந்து கல்யாண வீட்டுச் சித்தப்பா வரை எல்லோரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் குரலை நம்பிப் பிழைப்பவர்கள் நிறைய: துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர்கள், விடிய விடியப் பாடும் தெருக்கூத்துக்காரர்கள், அறுபது பிள்ளைகள் முன்னால் நிற்கும் ஆசிரியர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

நீங்கள் வளர்ப்பது என்ன? கண்ணால் பார்க்க முடியுமா?

வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பிளாஸ்க், அதற்குள் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் திரவம், அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஒரே பக்கம் திரும்பி நிற்கும் நெத்திலிக் கூட்டம் மாதிரி நீளநீளமாகச் செல்கள் தெரியும். இவற்றுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். குரல்நாணுக்கு உள்ளே நாரையும் பசையையும் உற்பத்தி செய்பவை இவைதான். இன்னொரு வகை எபிதீலியச் செல். அது குரல்நாணின் மேல்பூச்சு. தளக்கல் பாவியதுபோல ஒன்றையொன்று ஒட்டி இருக்கும்.

37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, சர்க்கரையும் உப்பும் அமினோ அமிலங்களும் கலந்த மீடியம். இவை கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் பிளாஸ்க் நிறைந்துவிடும். ட்ரிப்சின் என்ற நொதியை விட்டு அடியிலிருந்து பெயர்த்து, நான்கு பிளாஸ்க்காகப் பிரிப்போம். நாற்று பிடுங்கி நடுவது போலத்தான்.

குரல்நாண் என்பது கயிறு மாதிரி ஒன்றா?

பெயர்தான் அப்படி. உண்மையில் அது ஒரு மடிப்பு. மூச்சுக்குழாயின் வாயிலில், இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சதை மடிப்புகள். ஆண்களுக்கு ஏறத்தாழ 17 முதல் 21 மில்லிமீட்டர் நீளம், பெண்களுக்கு 11 முதல் 15 மில்லிமீட்டர். நம் வாழ்நாள் பேச்சு முழுவதும் இந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அந்த மடிப்பு ஒரே சதைக் கட்டியும் அல்ல. ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தில் மினோரு ஹிரானோ என்ற மருத்துவர் 1974-ல் அதை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். மேலே மெல்லிய தோல். அதற்கு அடியில் நுங்கு மாதிரி வழவழப்பான ஒரு அடுக்கு. அதற்கும் கீழே ரப்பர் போல இழுபடும் நார்களும், இன்னும் உறுதியான நார்களும். எல்லாவற்றுக்கும் அடியில் தசை. காற்று கீழிருந்து மேலே வரும்போது அந்த நுங்கு அடுக்கும் மேல்தோலும் தசையின் மேல் அலை போல வழுக்கி ஓடுகின்றன. அந்த அலைதான் குரல்.

ஒரு பெண் சாதாரணமாகப் பேசும்போது அந்த மடிப்புகள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை மோதிப் பிரிகின்றன. ஆணுக்கு நூறைச் சற்றுத் தாண்டும். ஒரு ஆசிரியையின் குரல் ஒரு நாளில் கூட்டிக் கழித்து ஒரு மணி நேரம் ஒலித்தது என்று வைத்துக்கொண்டால், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மோதல்கள். துடுப்புப் பிடித்த கையில் காய்ப்பு விழுவது நமக்குத் தெரியும். குரல்நாணிலும் அப்படியே காய்ப்பு விழும். நாடியூல் என்று மருத்துவர் சொல்வது அதைத்தான்.

ஆராய்ச்சிக்குத் தேவையென்றால் நோயாளியிடம் கொஞ்சம் சதை எடுத்துக்கொள்ளலாமே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நின்று நிதானமாகப் பதில் சொல்வேன். மற்ற எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது.

தோலில் ஒரு கடுகளவு எடுத்தால் தழும்பு விழும், ஒரு வாரத்தில் மறந்துவிடுவோம். ஈரலில் ஊசி போட்டு எடுக்கலாம், ஈரல் வளர்ந்துகொள்ளும். குரல்நாணில் அது நடக்காது. அந்த நுங்கு அடுக்கில் தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் அலை ஓடாது. குரல் காற்றாகவோ கரகரப்பாகவோ மாறிவிடும். அதைப் பழையபடி ஆக்கும் உறுதியான சிகிச்சை இன்றுவரை இல்லை. புற்றுநோய் சந்தேகம் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும், அது வேறு. ஆனால் நலமாக இருக்கும் ஒருவரிடம் போய், படிப்பதற்காகக் கொஞ்சம் குரல்நாண் கொடுங்கள் என்று எந்த மருத்துவரும் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது.

அப்படியென்றால் நல்ல குரல்நாண் செல் எங்கிருந்து கிடைக்கும்? இறந்தவர் உடலிலிருந்து, குடும்பத்தின் அனுமதியோடு, சில மணி நேரத்துக்குள். அல்லது வேறு காரணத்துக்காகக் குரல்வளையையே எடுக்க வேண்டி வந்தவரிடமிருந்து, அவருடைய சம்மதத்தோடு, நோய் தொடாத பகுதியில் ஒரு துணுக்கு. இரண்டுமே எப்போதாவது ஒரு முறை வருவது. வந்ததை விட்டால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஒருவர் ஒரு முறை கொடுத்த அந்தச் சில செல்களைச் சாகாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

செல் ஏன் தானாகச் சாக வேண்டும்? சாப்பாடு கொடுத்தால் பெருகிக்கொண்டே போகாதா?

ரொம்ப நாள் விஞ்ஞானிகளும் அப்படித்தான் நம்பினார்கள். 1961-ல் அமெரிக்காவில் லெனார்ட் ஹேஃபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் அது தவறு என்று காட்டினார்கள். சாதாரண மனித ஃபைப்ரோபிளாஸ்ட் 40 முதல் 60 தடவை பிரியும், அதற்கு மேல் எவ்வளவு கவனித்தாலும் நின்றுவிடும். செல்லுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது.

அந்தக் கணக்கு குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. டெலோமியர் என்று பெயர். ஷூ லேஸின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பி போல, குரோமோசோம் பிரிந்துபோகாமல் காப்பது அது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அந்த நுனி கொஞ்சம் தேய்கிறது. ரொம்பத் தேய்ந்ததும் செல் இனி பிரிய வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறது. தேய்ந்ததை மறுபடி நீட்டும் நொதியை 1984-ல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் கண்டுபிடித்தார்கள். அதுதான் டெலோமரேஸ். அந்த வழியில் நடந்த வேலைக்காக இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் சேர்த்து 2009-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் அந்த நொதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கருச்செல்கள், மூலச்செல்கள் போன்ற சிலவற்றில் மட்டும் எரிகிறது.

சரி, சாகாவரம் எப்படிக் கொடுக்கிறார்கள்?

இப்போது பெரிதும் விரும்பப்படுவது டெலோமரேஸ் வழி. அந்த நொதியின் முக்கியப் பகுதியை உண்டாக்கும் மரபணுவை, தீங்கு நீக்கிய ஒரு வைரஸில் ஏற்றிச் செல்லுக்குள் அனுப்புகிறார்கள். சாதாரண மனிதச் செல்லில் இது பலிக்கும் என்று 1998-ல் நிரூபணமானது. நுனி தேயத் தேய நீட்டப்படுவதால் செல் தன் கணக்கைத் தாண்டி ஓடுகிறது.

பழைய வழி ஒன்றும் உண்டு. குரங்கு வைரஸான எஸ்.வி.40-ன் ஒரு புரதத்தையோ, பாப்பிலோமா வைரஸ் 16-ன் இ6, இ7 புரதங்களையோ புகுத்துவது. அவை செல்லின் காவல்காரர்களான பி53, ஆர்பி ஆகிய இரண்டு புரதங்களையும் கட்டிப்போட்டுவிடும். செல் வேகமாகப் பெருகும். ஆனால் காவல் இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? குரோமோசோம் குளறுபடிகள் சேரும். தொண்டையில் வரும் வைரஸ் மருக்களை ஆராய வேண்டிய இடத்தில், அதே வைரஸ் குடும்பத்தின் புரதத்தை முன்னமே திணித்த செல்லை வைத்தால் எது நோய், எது நாம் செய்தது என்று பிரிக்கவே முடியாது. அதனால் எனக்கு டெலோமரேஸ் செல்தான் நம்பிக்கை. எபிதீலியச் செல்லுக்கு மட்டும் பல நேரம் டெலோமரேஸ் தனியாகப் போதாது. பி16 என்ற இன்னொரு தடையையும் தாண்ட வைக்க வேண்டியிருக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் வரிசைகள் (ஒரே மூலத்திலிருந்து வந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல்களை வரிசை என்போம்) முந்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

குரல்நாண் ஃபைப்ரோபிளாஸ்டை இப்படி மாற்றி, அதன் குணங்களை விவரமாக அளந்து 2009-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சூசன் தீபோவின் குழுவினர். அதன் பிறகு வேறு சில ஆய்வுக்கூடங்களும் தங்கள் வரிசைகளை உண்டாக்கின.

சாகாமல் பெருகும் செல் என்றால் அது புற்றுநோய்தானே?

என் அம்மா கேட்ட கேள்வி. அம்மா பயந்ததில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் இதே டெலோமரேஸை எரியவிட்டுத்தான் சாகாமல் இருக்கின்றன. ஆனால் சாகாமல் இருப்பது ஒன்று, அடங்காமல் இருப்பது வேறு. டெலோமரேஸ் கொடுத்த நல்ல செல், பிளாஸ்க் நிறைந்ததும் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. ஒட்டிக்கொள்ள அடித்தளம் இல்லாமல் மிருதுவான கூழில் போட்டால் வளராது. எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குள் வைத்தால் கட்டி உண்டாக்காது. இந்தச் சோதனைகளில் தேறினால்தான் அதை நல்ல செல்லுக்குப் பதிலாள் என்று ஏற்றுக்கொள்வார்கள்.

தொட்டால் உங்களுக்கு ஒட்டுமா என்றால், ஒட்டாது. வேறொருவர் செல்லை உங்கள் உடம்பின் காவல் விடாது. ஆனாலும் கையுறை, மூடிய காற்றோட்டப் பெட்டி எல்லாம் கட்டாயம், கொடுத்தவரின் வைரஸ் ஏதாவது கூடவே வந்திருக்கலாம் என்பதால்.

இதை வைத்து எந்தெந்தத் தொண்டை நோய்களை ஆராய்கிறார்கள்?

முதலில் தழும்பு. காயம் பட்டதும் டி.ஜி.எஃப். பீட்டா 1 என்ற செய்திப் புரதம் வெளிவந்து, ஃபைப்ரோபிளாஸ்டை இழுத்துச் சுருக்கும் வகைச் செல்லாக மாற்றுகிறது. அது கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை அள்ளிக் கொட்டுகிறது. நுங்காக இருக்க வேண்டியது தோல்வார் ஆகிவிடுகிறது. பிளாஸ்க்கில் அந்தப் புரதத்தைச் சேர்த்தால் இதே மாற்றத்தைப் பார்க்கலாம். பிறகு ஸ்டீராய்டையோ வேறு மருந்தையோ சேர்த்து, மாற்றம் நிற்கிறதா என்று அளக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தழும்பில்லாமல் ஆற வைப்பது குரல்வளை ஆராய்ச்சியின் பெரிய கனவு, என் கனவும்கூட.

மூச்சுக்குழாயில் டியூப் போட்டு நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குக் குரல்வளைக்குக் கீழே தழும்பு கட்டி வழி சுருங்கிப்போவது உண்டு. அதன் அடிப்படையும் இதே செல், இதே கொலாஜன்.

அடுத்தது புகை. சிகரெட் புகையை மீடியத்தில் கரைத்து வடிகட்டி, அந்தச் சாறைச் செல்லின் மேல் விடுகிறார்கள். வருஷக்கணக்கில் புகைப்பவர்களுக்கு அந்த நுங்கு அடுக்கில் நீர் கோத்து, குரல் தடித்து இறங்குவதை ரெயின்கே வீக்கம் என்பார்கள். பீடியோ சிகரெட்டோ, குரல்வளைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் புகைதான். கூடவே மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும்.

வயிற்று அமிலம் மேலே ஏறுவதும் உண்டு. அமிலத்தோடு பெப்சின் என்ற செரிமான நொதியும் வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவர்களுக்குக் காலையில் தொண்டை கரகரப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பெப்சின் தொண்டைச் செல்லை என்ன செய்கிறது என்பதையும் பிளாஸ்க்கில்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம் மரு. பாப்பிலோமா வைரஸ் 6, 11 ஆகியவை குழந்தைகளின் குரல்நாணில்கூட மருக்களை உண்டாக்கும். எடுக்க எடுக்க முளைக்கும். மூச்சடைத்து வரும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். 2023-ல் விற்பனைக்கு வந்த நம் நாட்டுத் தடுப்பூசி செர்வாவாக், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கானது என்றுதான் பலருக்கும் தெரியும். அது 16, 18 வகைகளோடு இந்த 6, 11 வகைகளையும் தடுக்கிறது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் இதை நான் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

கடையில் கிடைக்கும் "தொண்டைச் செல்" போதாதா?

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1950-களில் குரல்வளைப் புற்றுநோயிலிருந்து வந்தது என்று ஹெப்-2 என்ற செல் வரிசை உலகம் முழுக்கப் பரவியது. அப்புறம் பார்த்தால் அது தொண்டைச் செல்லே அல்ல. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்த ஹீலா செல் அதில் கலந்து, உண்மையான செல்லை அமுக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடித்திருந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஸ்டான்லி கார்ட்லர் இந்தக் கலப்பை வெளிக்கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் "குரல்வளைச் செல்" என்று நம்பி ஹெப்-2-வை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் உண்டு. எவ்வளவு உழைப்பு, எவ்வளவு பணம். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

ஹெப்-2 வீணாகவும் போகவில்லை. மூட்டு வலி, லூபஸ் சந்தேகத்தில் உங்களுக்கு ஏ.என்.ஏ. டெஸ்ட் எழுதிக்கொடுத்திருந்தால், உங்கள் ரத்தத்தை லேப்பில் இந்தச் செல்லின் மேல் விட்டுப் பார்த்திருக்க நல்ல வாய்ப்புண்டு. அந்த வேலைக்கு அது எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பது முக்கியமில்லை.

ஃபாடு என்ற இன்னொன்று 1968-ல் இந்தியர் ஒருவரின் கீழ்த்தொண்டைப் புற்றுநோயிலிருந்து வந்தது. அது உண்மையானது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் அது புற்றுநோய்ச் செல். நல்ல குரல்நாண் எப்படி ஆறுகிறது என்று அதனிடம் கேட்க முடியாது.

இதனால்தான் ஒவ்வொரு வரிசைக்கும் டி.என்.ஏ. அடையாளச் சோதனை செய்து, கொடுத்தவரின் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மைக்கோபிளாஸ்மா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி ஏறியிருக்கிறதா என்றும் தவறாமல் பார்ப்போம். நம் நாட்டில் செல் வரிசைகளைச் சேமித்து ஆய்வுக்கூடங்களுக்குத் தருவது புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம்.

பிளாஸ்க்கில் இருக்கும் செல் தொண்டைக்குள் இருப்பதுபோலவே நடந்துகொள்ளுமா?

முழுக்க நடக்காது. குரல்நாண் மிருது. பிளாஸ்டிக் அதைவிட லட்சம் மடங்கு அளவில் கடினம். கடினமான தரையில் ஒட்டிய ஃபைப்ரோபிளாஸ்ட், தான் ஏதோ தழும்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தானாகவே கொலாஜன் செய்ய ஆரம்பித்துவிடும். தவிர, தொண்டையில் நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வு, மேலே காற்று, கீழே ரத்த ஓட்டம். இங்கே எதுவும் இல்லை.

இதைச் சரிக்கட்ட, கொலாஜன் அல்லது ஹயலுரானிக் அமிலக் கூழுக்குள் செல்லை வளர்க்கிறார்கள். குரல் வேகத்தில் அதிரவைக்கும் கருவிகளும் உண்டு. 2015-ல் விஸ்கான்சினில் நாதன் வெல்ஹாமின் குழு, சாகாவரம் கொடுக்காத உண்மையான குரல்நாண் செல்களை இரண்டு வகையும் சேர்த்து வளர்த்து ஒரு சவ்வையே உருவாக்கியது. அதை நாயின் குரல்வளையில் பொருத்திக் காற்றை ஊதியபோது அது அதிர்ந்து ஒலித்தது. 2019-ல் தீபோவின் குழு மூலச்செல்லிலிருந்தே குரல்நாணின் மேல்தோலை வளர்த்துப் புகைச்சாறை விட்டுப் பார்த்தது.

சாகாச் செல்லும் ரொம்ப நாள் பிரிந்தால் குணம் மாறும். அதனால் ஆரம்பத் தலைமுறைகளை உறையவைத்துவிட்டு, சில மாதத்துக்கு ஒரு முறை புதிதாக எடுத்துக்கொள்வோம். முக்கியமான முடிவு எதுவும் சாகாச் செல்லில் மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது, உண்மைச் செல்லிலும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

கடலூர்க்காரர்கள் மட்டும்தான் இதைக் கேட்பார்கள். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையேறிய பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் நாம். பல கிராமங்களில் வாரக்கணக்கில்.

சேமித்த செல்லுக்கு ஆபத்து இல்லை. அது திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது. அந்தத் தொட்டி பெரிய ஃபிளாஸ்க் மாதிரி, மின்சாரமே வேண்டாம். நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். 37 டிகிரியில் வைக்கும் பெட்டியான இன்குபேட்டரில் இருப்பவைதான் பாவம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது நான் வேலை பார்க்கும் கூடத்தில் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இரண்டு நாள் கழித்து இடுப்பளவு ஈரத்தோடு உள்ளே போனேன். எல்லாப் பிளாஸ்க்கும் கலங்கிக் கிடந்தன. சாகாச் செல்லைப் பற்றிக் கவலைப்படவில்லை, அடுத்த வாரமே தொட்டியிலிருந்து ஒரு குப்பி எடுத்து எழுப்பிவிட்டோம். ஆனால் அந்த இன்குபேட்டரில் இன்னொரு பிளாஸ்க் இருந்தது. குரல்வளையை எடுக்க வேண்டி வந்த ஒரு பெரியவர் தந்தது. மூன்றாவது தலைமுறை, உறையவைக்கும் அளவுக்கு இன்னும் பெருகவில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம், இது பீடி பிடிக்கிற பசங்களுக்கு உபயோகமாகுமா என்று. அவரிடம் போய் மறுபடி கேட்க முடியாது. கேட்டாலும் கொடுக்க அவரிடம் குரல்நாண் இல்லை. அன்று நான் உட்கார்ந்து அழுதேன்.

யாருடைய செல் என்று தெரியுமா? அவர்கள் சம்மதித்தார்களா?

பெயர் எங்களுக்கு வராது. வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம் உண்டா என்ற அளவில் ஒரு எண்ணோடு வரும். சம்மதம் இல்லாமல் ஒரு செல்லும் வரக் கூடாது. ஹென்ரியெட்டா லாக்ஸிடம் யாரும் கேட்கவில்லை. 31 வயதில் அவர் இறந்த பிறகும் அவர் செல் உலகமெங்கும் விற்கப்பட்டது, குடும்பத்துக்கு வெகுகாலம் ஒன்றும் தெரியாது. அவருடைய மரபணு விவரத்தைப் பயன்படுத்துவதில் குடும்பத்துக்கும் ஒரு குரல் கிடைத்தது 2013-ல்தான். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மனிதத் திசுவை வைத்து ஆய்வு செய்ய நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும், கொடுப்பவருக்கு விவரம் புரிய வேண்டும். படிவம் தமிழில் இருப்பது மட்டும் போதாது என்பேன். செல்லைச் சாகாமல் வைக்கப் போகிறோம், நீங்கள் இல்லாத காலத்திலும் அது இருக்கும் என்பதை உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும்.

இந்தச் செல்லை என் தொண்டையில் போட்டுச் சரியாக்குவார்களா?

இல்லை. சாகாச் செல்லை யாருடைய உடம்பிலும் போட மாட்டார்கள். அது ஆய்வுக்கு மட்டும். ஒருவருடைய சொந்தக் கன்னத்தின் உட்பகுதியிலிருந்து எடுத்த, மாற்றம் செய்யாத ஃபைப்ரோபிளாஸ்டை வளர்த்து அவருடைய குரல்நாண் தழும்பிலேயே ஊசியால் போடும் சிறு முயற்சியைக் கலிபோர்னியாவில் செய்து 2011-ல் வெளியிட்டார்கள். அது வேறு பாதை. யாராவது உங்களிடம் தொண்டைக்குச் செல் ஊசி போடுகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதனால் விலங்குகளை அறுப்பது குறையுமா?

குறையும். முழுக்க நிற்காது. செல்லுக்கு ஊட்டும் சீரமே கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து வருகிறது. சீரம் இல்லாத மீடியம் வந்துகொண்டிருக்கிறது, விலைதான் அதிகம்.

எனக்குக் குரல் கம்மியே இருக்கிறது. நான் என்ன செய்வது?

சளி பிடித்துக் கம்மிய குரல் ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பிவிடும். மூன்று வாரமாகியும் திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் கோரிமேடு ஜிப்மரிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ஸ்கோப் விட்டுச் சில நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். புகைப்பவராக இருந்தாலோ, விழுங்கச் சிரமம், சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சு விடும்போது சத்தம் இருந்தாலோ மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். குரல்வளைப் புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்தால் குரலையும் சேர்த்துக் காப்பாற்ற முடிகிறது.

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. இதமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரை ஏறிவிடும். உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பும் அங்கே எட்டாது. குரல்நாணுக்கு உதவுவது நிறையத் தண்ணீர், ஆவி, ஓய்வு. ரகசியம் பேசுவதை ஓய்வு என்று நினைக்காதீர்கள், அழுத்திக் கிசுகிசுப்பதும் சிரமம்தான்.

என் அக்கா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எட்டு மாதம் குரல் உடைந்தே இருந்தது. "உன் லேப்புல இருக்கிற செல்லை எனக்குப் போட்டு விடேன்டி" என்று கேட்டவள் அவள்தான். இழுத்துக்கொண்டு போய் ஸ்கோப் பார்த்தோம். இரண்டு பக்கமும் காய்ப்பு. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிக் குரல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் வாரம் ஒரு நாள் போனாள். கழுத்தில் மாட்டும் சின்ன மைக் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிறது என்கிறாள். அடுத்த ஸ்கோப்பில் காய்ப்பு பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. மைக்கை இன்னும் கழற்றவில்லை.